கயிற்றை யார் பிடிப்பது? பெரிய நாய் வாங்கும் முன்

கேள்வி: பாளையங்கோட்டையில் சொந்த வீடு. நாலரை அடி காம்பவுண்டு சுவர், முன்னால் கார் நிறுத்தும் போர்டிகோ. எனக்கு வங்கி வேலை, மனைவி பள்ளி ஆசிரியை. பையனுக்கு 11 வயது, மகளுக்கு 4. அம்மாவுக்கு 70 வயது, மூட்டுவலி உண்டு, எங்களோடுதான் இருக்கிறார். சாயங்காலம் மனைவியிடம் ஏழெட்டுப் பிள்ளைகள் டியூஷன் வருவார்கள். பெரிய நாயாக ஒன்று வளர்க்க ஆசை. இதுவரை நாய் வளர்த்ததில்லை. பையன் கிரேட் டேன் கேட்கிறான். சங்கரன்கோவில் மைத்துனர், நம்ம ஊர் வெயிலுக்கு ராஜபாளையம்தான் சரி என்கிறார். தெரிந்த கடையில் 35 நாள் 'டபுள் கோட்' ஜெர்மன் ஷெப்பர்டு குட்டி இருக்கிறது, அட்வான்ஸ் கேட்கிறார்கள். லேப்ரடார் காவலுக்கு ஆகாது என்கிறார்களே, உண்மையா? நாயைப் போர்டிகோவில் கட்டிவைத்தால் போதும் என்கிறார் அம்மா. எதை வாங்கலாம்?

பதில்: அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

எந்த இனம் என்று கேட்டிருக்கிறீர்கள். அதைத் தீர்மானிக்கும் விவரம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: நீங்களும் மனைவியும் வேலைக்குப் போனபின் பகலில் வீட்டில் இருக்கும் பெரியவர் அம்மா மட்டும்தான். கூரியர்காரர் வந்தால் கதவைத் திறப்பவர் அவர். கேட் இடுக்கில் நாய் நழுவினால் கழுத்துப்பட்டையைப் பிடிக்க வேண்டியவரும் அவரே. பாசத்தில் நாய் தாவினால் கீழே விழப்போவதும் அவர்தான். எழுபது வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் வீட்டிலேயே பலம் குறைந்த கை எந்த நாயைச் சமாளிக்குமோ அதுதான் உங்கள் வீட்டுக்குப் பெரிய நாய். என் கணக்கில் அது 30 கிலோவுக்கு மேல் அதிகம் போகக் கூடாது, சொன்னால் கேட்கும் சுபாவமும் வேண்டும். உயரத்தை இரண்டாவதாகப் பாருங்கள்.

இந்த அளவுகோலிலேயே கிரேட் டேன் கழிந்துவிடுகிறது. வளர்ந்த டேன் 50 முதல் 80 கிலோ வரை வரும். சாதுதான், குழந்தைகளிடம் மென்மையாகவும் இருக்கும். ஆனால் திரும்பும்போது வால் பட்டாலே நாலு வயதுக் குழந்தை உட்கார்ந்துவிடும். சாதாரணமாக 7 முதல் 10 வருடம்தான் ஆயுள்; பையன் கல்லூரிக்குப் போகும் நேரத்தில் நாய் கிழடாகி நிற்கும். இவற்றைவிட எனக்குப் பெரிய பயம் வயிறு முறுக்கல். நெஞ்சு ஆழமான பெரிய இனங்களுக்குத் திடீரென்று இரைப்பையில் காற்று அடைத்து, இரைப்பையே சுற்றிக்கொள்ளும். ரத்த ஓட்டம் தடைப்படும். வயிறு பலூன் மாதிரி உப்பும், தட்டினால் மத்தளம்போல் சத்தம் வரும். நாய் வாந்தி எடுக்க முயன்று முயன்று, வெறும் எச்சில் நுரைதான் வரும். நிலைகொள்ளாமல் நடந்துகொண்டே இருக்கும். இது தெரிந்தால் சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை மேஜைக்குப் போயாக வேண்டும். இரவு பதினொரு மணிக்கு மயக்க மருந்து கொடுத்து வயிற்றைத் திறக்கத் தயாராக உள்ள மருத்துவர் உங்கள் ஊரில் யார் என்று கேட்டு வைத்துக்கொள்ளாமல் டேன் வாங்கக் கூடாது. பையனிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள். பதினொரு வயதுப் பிள்ளைக்குப் புரியும்.

அடுத்தது ராஜபாளையம். வெயில் விஷயத்தில் மைத்துனர் சொல்வது சரி. குட்டை முடி, ஒட்டிய வயிறு, நம் மண்ணிலேயே உருவான உடம்பு. நம் நாட்டு இனங்களை வளர்ப்பவர்கள் பெருக வேண்டும் என்பதுதான் என் ஆசையும். இருந்தாலும் உங்கள் வீட்டுக்கு இதை நான் சொல்லமாட்டேன். காரணம் டியூஷன் பிள்ளைகள். ராஜபாளையம் தன் வீட்டாரை உயிராக நினைக்கும், வெளியாளை எளிதில் ஏற்காது. தினமும் ஏழெட்டு வெளிப்பிள்ளைகள் பையோடு ஓடிவரும் வீட்டில் அதற்கும் நிம்மதி இருக்காது, உங்களுக்கும் இருக்காது. அனுபவமுள்ளவர்கள் குட்டியிலிருந்தே மனிதர்களோடு பழக்கிச் சாதுவாக வளர்க்கிறார்கள். முதல் நாயிலேயே அதைச் செய்வது கஷ்டம். இன்னொன்று, உங்கள் நாலரை அடிச் சுவர். தோள் உயரமே 65, 70 சென்டிமீட்டர் இருக்கும் வேட்டை நாய் அதை ஓடிவரும் வேகத்திலேயே தாண்டிவிடும். ராஜபாளையத்துக்கும், சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் மற்ற வேட்டை நாய்களுக்கும் ஆறடிச் சுவர் வேண்டும்.

பின்னால் ஒரு காலத்தில் வாங்குவதானால் ஒன்றை மறக்காதீர்கள். ராஜபாளையத்தின் வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிடும் சேர்ந்து வரும் வாய்ப்பு உண்டு. ஒரே ஈத்துக் குட்டிகள் கூட்டமாக இருக்கும்போது இது தெரியாது. ஒன்று திரும்பினால் மற்றதும் பார்த்துத் திரும்பும். ஒவ்வொன்றாகத் தனி அறைக்குக் கொண்டுபோய், அது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். காலால் தரையைத் தட்டாதீர்கள், அதிர்வை உணர்ந்து திரும்பிவிடும். இரண்டு காதும் கேட்காத குட்டியை இப்படிக் கண்டுபிடித்துவிடலாம். ஒரு காது மட்டும் கேட்காததை, மூளை அலைகளைப் பதிவுசெய்யும் கருவிச் சோதனையால்தான் அறிய முடியும்.  

இனி அந்த 35 நாள் குட்டி. 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி 8 வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது. நாய் ஈனவைத்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும். சட்டத்தை விடுங்கள், குட்டிக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். நாலாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம்வரை குட்டிகள் ஒன்றையொன்று கடித்து விளையாடும். ஒன்று கொஞ்சம் அழுத்திக் கடித்தால் மற்றது வீலென்று கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும், தாயும் அதட்டும். எவ்வளவு பலமாகக் கடிக்கலாம் என்கிற அளவை நாய் கற்பது அங்கேதான். முப்பத்தைந்தாம் நாளிலேயே பிரித்து எடுத்த குட்டிக்கு அந்தப் பாடம் பாதியில் நின்றுபோகிறது, மீதியை உங்கள் மகளின் கையில் கற்கும். கூடவே பார்வோ பயம்; குட்டிகளைக் கொல்லும் வைரஸ் கழிச்சல் நோய் அது. கடைக் கூண்டில் பல ஈத்துக் குட்டிகள் கலந்திருக்கும். ஒன்றிடம் கிருமி இருந்தால் போதும். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் போல் ஆனதும் வாந்தி, சோர்வு, ரத்தம் கலந்த நாற்றக் கழிச்சல். அப்போது குளூக்கோஸ் ஏற்றிக் காப்பாற்றப் போராட வேண்டிவரும், பல குட்டிகள் பிழைப்பதில்லை.

'டபுள் கோட்', 'ஹெவி போன்' (பருத்த எலும்பு) என்பதெல்லாம் விற்பவர்களின் பேச்சு. அடர்ந்த உள்முடியும் நீண்ட மேல்முடியும் உள்ள குட்டி பொம்மை மாதிரி இருக்கும், விலையும் கூடும். திருநெல்வேலிச் சித்திரை வெயிலில் அந்த முடிக்குள் ஈரம் தங்கி, தோல் புண்ணாகி, உண்ணியும் ஒளிந்துகொள்ளும். ஜெர்மன் ஷெப்பர்டு நல்ல நாய், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மூளைக்கு வேலை கேட்கும் நாய். தினமும் ஒரு மணி நேரம் பயிற்சியும் ஓட்டமும் கொடுக்க ஆள் இல்லாத வீட்டில் அது தானாக ஒரு வேலையைத் தேடிக்கொள்ளும்: கேட்டைக் கடந்துபோகும் ஒவ்வொருவரையும் பார்த்துக் குரைப்பது, வட்டம் சுற்றுவது, ஓடும் பிள்ளைகளைத் துரத்திக் குதிகாலைக் கவ்வுவது.

ஆகவே என் யோசனை: பெண் லேப்ரடார். வளர்ந்தால் 25 முதல் 32 கிலோ. ஆண் அதைவிட நாலைந்து கிலோ கூடும், இழுப்பும் கூடும். வெளிப்பிள்ளைகளை வரவேற்கும், உணவுக்காக எதையும் கற்றுக்கொள்ளும். முதல் முறை வளர்ப்பவரின் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும். காவலுக்கு ஆகாது என்று யார் சொன்னாலும், வீட்டுக் காவலுக்குத் தேவை கடி அல்ல, சத்தம். நள்ளிரவில் கேட் அசைந்தால் லேப்ரடாரும் அடிவயிற்றிலிருந்து குரைக்கும். உள்ளே நாய் இருக்கிறது என்று தெரிந்தாலே திருட நோட்டம் பார்க்க வந்தவன் நகர்ந்துவிடுவான். கடிக்கும் நாய்தான் வேண்டுமென்றால் அது பால்காரரையும் கடிக்கும், டியூஷன் பிள்ளையையும் கடிக்கும். வளர்க்கும் விலங்கை அலட்சியமாக விட்டு ஆபத்து விளைவித்தால் பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவில் ஆறு மாதம்வரை சிறை, 5,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டுமே உண்டு.

குட்டி எடுப்பதா, வளர்ந்த நாயை எடுப்பதா? இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கட்டாயம் யோசியுங்கள். மாற்றலாகிப் போகிறவர்கள், வெளிநாடு போகிறவர்கள் இரண்டு மூன்று வயது லேப்ரடாரைத் தர இடம் தேடுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. உங்கள் வீட்டுக்கு அதுவே முதல் தேர்வு என்பேன். எவ்வளவு பெரிதாகும் என்ற ஊகம் இல்லை, குழந்தைகளிடம் எப்படி இருக்கும் என்று நேரிலேயே தெரிந்துவிடும், வீட்டுக்குள் மூத்திரம் போகும் பருவமும் முடிந்திருக்கும். ஏன் தருகிறார்கள் என்று மட்டும் துருவிக் கேளுங்கள். யாரையாவது கடித்ததா என்று நேராகவே கேளுங்கள். நாய் சாப்பிடும்போது பழைய எஜமானரை அதன் தட்டருகே கைகொண்டுபோகச் சொல்லி, உறுமுகிறதா என்று கவனியுங்கள்.

குட்டிதான் என்று முடிவானால், தாயைப் பார்க்காமல் வாங்காதீர்கள். தாய் வெளியூரில் இருக்கிறது என்றால் திரும்பிவிடுங்கள். தாய் உங்களைக் கண்டு வாலாட்டி வந்தால் நல்லது. மூலைக்குப் போய்ப் பதுங்கினாலோ பல்லைக் காட்டினாலோ அந்த ஈத்து வேண்டாம், பயம் வழிவழியாக வரும். லேப்ரடாரின் பெரிய பலவீனம் இடுப்பு மூட்டு. தொடை எலும்பின் பந்து, கிண்ணத்தில் சரியாகப் பொருந்தாமல் தேய்ந்து, ஒரு வயதிலேயே எழுந்திருக்கச் சிரமப்படும் நாய்கள் உண்டு. இது பரம்பரையாக வருவதால், தாய் தந்தை இரண்டுக்கும் ஒரு வயதுக்குப் பிறகு எடுத்த இடுப்பு எக்ஸ்ரே இருக்கிறதா என்று கேளுங்கள். பலர் முழிப்பார்கள், இருந்தாலும் கேளுங்கள். எக்ஸ்ரே கிடைத்தால் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டி அபிப்பிராயம் கேட்கலாம். கே.சி.ஐ. (இந்திய கென்னல் கிளப்) சர்டிபிகேட் பெற்றோர் யார் என்றுதான் சொல்லும், அதில் ஆரோக்கிய உத்தரவாதம் இல்லை. தடுப்பூசி அட்டையில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர், தேதி, மருத்துவரின் கையெழுத்து மூன்றும் இருக்க வேண்டும். பேனாவால் 'ஊசி போட்டாச்சு' என்று எழுதியிருந்தால் போடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மே மாதம் எடுத்துவாருங்கள். வெயில்தான், ஆனால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் லீவு. முதல் ஒரு மாதம் ஆள் இருப்பது எல்லாவற்றையும்விட முக்கியம். 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை கூட்டுத் தடுப்பூசி, மூன்று மாதம் முடிந்ததும் ரேபிஸ் ஊசி. இந்தத் தொடர் முடியும்வரை தெருநாய்கள் நடமாடும் மண்ணில் இறக்க வேண்டாம். கையில் தூக்கிக்கொண்டு தெருவைக் காட்டுங்கள், ஆட்டோ சத்தமும் குக்கர் விசிலும் பழகட்டும். மூன்று மாதம்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்து, எடை பார்த்து. ரேபிஸ் சான்றிதழ் வந்ததும் மாநகராட்சியில் நாயைப் பதிவு செய்துவிடுங்கள்.

சாப்பாட்டில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். பெரிய இனக் குட்டியைச் சீக்கிரம் பெரிதாக்க வேண்டும் என்று கால்சியம் சிரப் ஊற்றுவார்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டிக்கு வேண்டாத கால்சியத்தைக் குடலிலேயே தடுத்து நிறுத்தும் திறன் இன்னும் வந்திருக்காது, கொடுத்ததெல்லாம் உள்ளே போகும். எலும்பு வளர்ச்சி கோணலாகும், கால் வளையும். வளையும் காலைப் பார்த்து இன்னும் கொஞ்சம் சிரப் ஊற்றுவார்கள். பெரிய இனக் குட்டிகளுக்கென்று விற்கும் உலர் தீவனம் கொடுத்தால் தனியாகக் கால்சியம் ஒரு சொட்டும் வேண்டாம். வீட்டுச் சாப்பாடு என்றால், தயிர்சாதம் மட்டும் போட்டால் புரதம் போதாது. வெறும் கறி மட்டும் போட்டால் கால்சியம் போதாது. வீட்டுச் சமையலுக்குக் கால்நடை மருத்துவரிடம் அளவை எழுதி வாங்கிக்கொண்டு தொடங்குங்கள். நாலு மாதம்வரை நாளுக்கு நாலு வேளை, ஆறு மாதம்வரை மூன்று, பிறகு ஆயுசுக்கும் இரண்டு. வளர்ந்த 30 கிலோ நாய்க்கு நாளுக்கு ஏறக்குறைய 350 முதல் 400 கிராம் உலர் தீவனம், அதாவது மாதம் 12 கிலோ வரை. பட்ஜெட்டில் இதை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

லேப்ரடாருக்குப் போதும் என்ற சொல்லே தெரியாது. அது கேட்கிறதே என்று போட்டால் இரண்டு வயதில் 40 கிலோவாகி, இடுப்பு மூட்டு முதலில் போகும். எடை சரியா என்று பார்க்க ஓர் எளிய வழி. இடது கையை மூடி, வலது விரலால் முட்டிகளின் மேல் தடவுங்கள். நாயின் விலா அப்படி இருந்தால் மெலிவு. கையை விரித்து உள்ளங்கையின் கட்டைவிரல் மேட்டைத் தடவுங்கள். விலாவில் அந்த மெத்தை இருந்தால் கொழுப்பு. புறங்கையைத் தடவும்போது தோலுக்குக் கீழே எலும்பு லேசாகத் தட்டுப்படுகிறதே, அதுதான் சரியான எடை. வாரம் ஒருமுறை பையன் இதைச் செய்யட்டும்.

மாம்பழக் காலத்தில் இன்னொரு எச்சரிக்கை. மாங்கொட்டையை லேப்ரடார் அப்படியே விழுங்கிவிடும். அது குடலில் போய்ச் சிக்கினால் கத்தி வைத்துத்தான் எடுக்க வேண்டும். கொட்டையை மூடியுள்ள குப்பைத்தொட்டியில்தான் போட வேண்டும், செடிக்கு உரமென்று வீசக் கூடாது. பாயசத்து உலர்திராட்சை, வெங்காயம் சேர்ந்த குழம்பு, சாக்லேட், வேகவைத்த கோழி எலும்பு, இவற்றில் எதுவும் ஆகாது. அம்மா அன்போடு ஒரு வாய் ஊட்டுவார் என்பதால் இதை அவரிடம் முதலிலேயே சொல்லிவையுங்கள்.

அம்மா சொன்ன போர்டிகோ யோசனைக்கு வருகிறேன். நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிய நாய் எரிச்சல் ஏறிய நாயாகும். மதியம் சிமென்ட் தரை கொதிக்கும். அவர் கவலை நியாயமானது, அதற்கு வழி இருக்கிறது. சமையலறை வாசலிலும் பூஜை அறை வாசலிலும் குழந்தைகளுக்கு வைக்கும் தடுப்புக் கதவு போட்டு, அந்த இரண்டு இடத்துக்கும் நாய் ஒருநாள்கூடப் போகாதபடி முதல் நாளே தொடங்குங்கள். ஹாலில் மின்விசிறியின் கீழ் அதற்கென ஒரு பாய். பளபளக்கும் டைல்ஸ் தரை வளரும் மூட்டுக்குப் பகை. கால் வழுக்கி விரிய விரிய இடுப்புக் கிண்ணம் தளரும். அது நடமாடும் வழியில் கயிற்றுப் பாயோ ரப்பர் விரிப்போ போடுங்கள், நகம் நீளவிடாதீர்கள். மூன்று மாதம்வரை மாடிப்படி வேண்டாம். ஒரு வயதுவரை பைக்கோடு ஓடவிடுவதும் பந்துக்காக எம்பிக் குதிக்கவைப்பதும் வேண்டாம்.

நாலு வயது மகளையும் நாயையும் தனியே விடாதீர்கள், எவ்வளவு சாதுவாக இருந்தாலும். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் தொடக் கூடாது என்பது அவளுக்கு விதி. டியூஷன் நேரத்தில் நாய் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கட்டும். குட்டியின் பால்பல் ஊசி மாதிரி இருக்கும், விளையாட்டிலும் கீறும். கீறி ரத்தம் வந்தால், நம் குட்டிதானே என்று விடாமல் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

நடைக்குக் காலை ஏழு மணிக்குள், மாலை ஆறரைக்கு மேல். புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்து ஏழு எண்ணுங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும். நாக்கு தொங்கி, ஈறு கருஞ்சிவப்பாகி, நடை தள்ளாடினால் வெயில் தாக்கிவிட்டது என்று அர்த்தம். முதலில் குழாய்த் தண்ணீரால் உடம்பு முழுவதும் நனைத்துக் காற்றாட விடுங்கள், அதன்பிறகு மருத்துவமனை. உண்ணிக்கு மாதாந்திர மாத்திரையோ சொட்டு மருந்தோ வருடம் முழுக்க வேண்டும். உண்ணிக் காய்ச்சலில் ரத்தத் தட்டணுக்கள் குறையும். இரண்டு நாள் சாப்பிடாமல் ஈறு வெளிறினாலோ மூக்கில் ரத்தம் வந்தாலோ அன்றைக்கே ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள்.

இழுக்காமல் நடக்க, நெஞ்சுப் பக்கம் வளையம் உள்ள ஹார்னெஸ் (உடம்பைச் சுற்றி மாட்டும் பட்டை) வாங்குங்கள். நாய் இழுத்தால் அதுவே பக்கவாட்டில் திரும்பிவிடும், கையில் விசை ஏறாது. வளர்ந்த நாயைப் பார்க்கப் போகும் நாளில் இந்த ஹார்னெஸையும் அம்மாவையும் கூட்டிப்போங்கள். நீங்கள் பக்கத்திலேயே நின்றுகொண்டு, அம்மா கயிற்றைப் பிடித்துப் பத்தடி நடக்கட்டும். நாய் அவர் நடைக்கு வேகத்தைக் குறைத்துக்கொண்டு கூட வந்தால் அட்வான்ஸ் கொடுக்கலாம்.